சில்லில் பூட்டு, கையில் கடிதம்: இங்கிலாந்தின் தனியார் தரிப்பிடங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் வெளியே வரும்வரை காத்து நிற்கும்போது, யாராவது ஒருவர் ஜக்கெற் பையிலிருந்து நாலாய் மடித்த கடிதத்தை எடுத்து நீட்டுவார். "தம்பி, இதை ஒருக்கா பாருங்கோ." கடிதத்தில் அவருடைய காரின் இரண்டு படங்கள் இருக்கும். ஒன்றில் உள்ளே போகிற காரின் முன்பக்கம், மற்றதில் வெளியே வருகிற காரின் பின்பக்கம், இரண்டின் கீழும் வினாடி வரை நேரம். அதற்கும் கீழே தடித்த எழுத்தில் 100 பவுண்.

நான் சட்டத்தரணி அல்ல. பதினைந்து வருடமாக இந்தக் கடிதங்களை வாசித்துச் சொல்லி வருகிறவன், அவ்வளவுதான். வழக்கமாக வரும் கேள்விகளை ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். தனியாகச் சொல்லாத இடங்களில் எல்லாம் இங்கிலாந்து, வேல்ஸ் சட்டத்தைத்தான் சொல்கிறேன்.

தனியார் காணியில் காரின் சில்லைப் பூட்டலாமா?

முடியாது. 2012 ஒக்டோபர் 1 முதல் அது குற்றம். சுதந்திரங்கள் பாதுகாப்புச் சட்டம் 2012 இன் 54 ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. சில்லில் கிளாம்ப் என்ற இரும்புப் பூட்டைப் போடுவது மட்டுமல்ல, காரை இழுத்துக்கொண்டு போவதும், குறுக்கே வேறு வாகனத்தை விட்டு நகர முடியாமல் மறிப்பதும் அதே பிரிவுக்குள் வரும். சட்ட அதிகாரம் உள்ளவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. "இங்கே விட்டால் பூட்டுவோம்" என்று பலகை நட்டிருந்தாலும், நீங்கள் அதை வாசித்துவிட்டே விட்டிருந்தாலும், அந்தச் சம்மதம் இனிச் செல்லாது.

இன்றும் சில மதில்களில் அந்தப் பழைய பலகைகள் துருப்பிடித்துத் தொங்குகின்றன. கழற்ற ஆளில்லை. பார்த்துப் பயப்படத் தேவையில்லை.

முன்பு எப்படி விட்டு வைத்திருந்தார்கள்?

கிளாம்ப் பிறந்தது அமெரிக்காவின் டென்வர் நகரத்தில். பிராங்க் மாரக் என்பவர் செய்தது. அந்த நகரத்து சிம்பொனி இசைக்குழுவில் வயலின் வாசித்தவர் அவர். 1950களின் நடுவில் அங்கே பொலிசார் பாவிக்கத் தொடங்கினார்கள். லண்டன் தெருக்களுக்கு அது 1983 இல் வந்தது. பொலிஸ் கையில் இருந்தவரை பெரிய பிரச்சினை இல்லை. மஞ்சள் இரும்பை யாரும் வாங்கலாம், யாரும் மாட்டலாம் என்று தனியார் கண்டுபிடித்தபோதுதான் கூத்து ஆரம்பமானது. மதுக்கடைக்குப் பின்னால் நாலு கார் நிற்கக்கூடிய காணி ஒன்று, பலகை ஒன்று, மூலையில் ஒரு வான், வானுக்குள் இரண்டு பேர். அது ஒரு தொழிலாகிவிட்டது. நீங்கள் காரை விட்டு இருபது அடி போகுமுன் சில்லில் பூட்டு விழும். எடுக்க நூறு பவுணுக்கு மேல் கேட்பார்கள், அதுவும் கையில் காசாக.

நீதிமன்றம் இதை முற்றாகத் தடுக்கவில்லை. 1995 இல் ட்ரூரோ நகரத்துத் தரிப்பிடம் ஒன்றைப் பற்றிய ஆர்தர் எதிர் ஆங்கர் வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம், பலகையைக் கண்டும் காரை விட்டவர் பூட்டுக்குச் சம்மதித்தவர் ஆகிறார் என்றது. ஆனால் விடுவிக்கும் கட்டணம் நியாயமாக இருக்க வேண்டும், காசு கொடுத்ததும் தாமதிக்காமல் எடுக்க வேண்டும், காசு கொடுக்க வழியும் இருக்க வேண்டும் என்று எல்லை போட்டது. 2000 இல் வந்த வைன் எதிர் வோல்தம் பொரஸ்ட் வழக்கு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியில் உடம்பு சுகமில்லாமல் போன ஒரு பெண், காரை ஓரமாக ஒரு தனியார் காணியில் நிறுத்திவிட்டு இறங்கினார். சில நிமிடத்தில் திரும்பி வந்தபோது சில்லில் கிளாம்ப். பலகையை அவர் காணவே இல்லை, காணாத பலகைக்குச் சம்மதம் இல்லை, ஆகவே பூட்டியது பிழை என்று தீர்ப்பானது.

தீர்ப்புகள் சரி. ஆனால் மழையில் பிள்ளைகளோடு நிற்கிறவர் ட்ரூரோ வழக்கைச் சொல்லி வாதாட முடியுமா? கிளாம்பின் பலமே அதுதான். முதலில் காசு, பிறகு நியாயம். 2005 முதல் பூட்டுகிறவருக்கு உரிமப் பத்திரம் வேண்டும் என்று விதி வந்தும் நிலைமை மாறவில்லை. 2010 இல் உள்துறை அமைச்சு தடை வருகிறது என்று அறிவித்தது. அது நடைமுறைக்கு வர மேலும் இரண்டு வருடம் எடுத்தது.

ஸ்கொட்லாந்தில்? வட அயர்லாந்தில்?

ஸ்கொட்லாந்து இருபது வருடம் முந்திவிட்டது. 1992 இல் பிளாக் எதிர் கார்மைக்கல் வழக்கில் அங்குள்ள உயர் நீதிமன்றம், காரைப் பூட்டி வைத்துக் காசு கேட்பது மிரட்டிப் பணம் பறித்தல், களவும்கூட என்று சொல்லிவிட்டது. வட அயர்லாந்தில் 2012 தடை இல்லை. அங்கே உரிமம் பெற்றவர் தனியார் காணியில் இன்றும் பூட்டலாம். பெல்பாஸ்ட் போகிறவர்கள் பலகையை நின்று வாசியுங்கள்.

இன்று காலை என் காரில் கிளாம்ப் கிடக்கிறது. தடை என்றீர்களே?

முதலில் யார் போட்டது என்று பாருங்கள். கண்ணாடியில் ஒட்டிய தாளில் இருக்கும். தடைக்கு வெளியே நிற்பவர்கள் சிலர் உண்டு. வாகன வரி கட்டாத காரை, வாகனங்களையும் சாரதிகளையும் பதியும் அரசு நிறுவனமான டீவிஎல்ஏ பூட்டும். வங்கியிலிருந்து தானாகக் கழிய வேண்டிய வரிப்பணம் தவறிப் போனது தெரியாமலே இதில் மாட்டுகிறவர்கள் அதிகம். எடுக்க 100 பவுண், அந்த இடத்திலேயே வரி கட்டியதைக் காட்ட முடியாவிட்டால் காருக்குப் பிணையாக இன்னொரு 160 பவுண். நீதிமன்றக் கடனையோ உள்ளூராட்சிக் கவுன்சில் கடனையோ அறவிட அதிகாரத்தோடு வரும் பெய்லிப் பூட்டலாம். பொலிசுக்கும் அதிகாரம் உண்டு. தனிச் சட்டவிதி உள்ள விமான நிலையம், ரயில் நிலையக் காணிகளும் வேறு கணக்கு.

இவர்களில் யாருமில்லை, ஏதோ ஒரு தரிப்பிடக் கம்பனி என்றால், படம் எடுங்கள், பலகையையும் எடுங்கள், பொலிசின் 101 இலக்கத்துக்கு அழைத்து "54 ஆம் பிரிவு" என்று சொல்லுங்கள். இது தனிப்பட்ட தகராறு என்று தட்டிக்கழிக்கப் பார்ப்பார்கள். இல்லை, சட்டத்தில் குற்றம் என்றே இருக்கிறது என்று அமைதியாகத் திருப்பிச் சொல்லுங்கள்.

நானே வெட்டி எடுத்தால் என்ன?

வேண்டாம். பூட்டை வெட்டியவர் சொத்துச் சேதக் குற்றவாளியான வழக்கு 1990களின் தொடக்கத்திலேயே உண்டு. தரிப்பிடக் கம்பனி சட்டவிரோதமாகப் போட்ட பூட்டு என்றால் வாதாட இன்று இடம் அதிகம்தான். ஆனாலும் கிரைண்டரோடு நிற்கிற உங்களைப் பார்த்து வரும் பொலிஸ்காரருக்கு, யார் போட்ட பூட்டு என்று முதல் பார்வையில் தெரியாது.

கிளாம்ப் இல்லை, கடிதம்தான். இது தண்டமா?

இதைத்தான் நான் அதிகம் விளக்க வேண்டி வருகிறது. கவுன்சில் தருவதும் பீசீஎன், தனியார் கம்பனி தருவதும் பீசீஎன். முதலாவது பெனல்டி சார்ஜ் நோட்டிஸ், இரண்டாவது பார்க்கிங் சார்ஜ் நோட்டிஸ். தாளின் நிறம், கறுப்பு மஞ்சள் கோடு, பிளாஸ்ரிக் உறை எல்லாம் கவுன்சில் ரிக்கற் போலவே இருக்கும். அது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

கவுன்சில் தருவது சட்டத்தின்படி வரும் தண்டம். கம்பனி தருவது ஒரு பில். பலகையில் நிபந்தனை எழுதியிருந்தோம், காரை விட்டதன் மூலம் நீங்கள் அதற்கு உடன்பட்டீர்கள், பிறகு அதை மீறினீர்கள் என்று ஒப்பந்தத்தின் பேரில் காசு கேட்கிறார்கள். துறையின் விதிப்படி சாதாரணமாக உச்சம் 100 பவுண், 14 நாளுக்குள் கட்டினால் 60. கட்டாவிட்டால் குற்றப்பதிவு கிடையாது, சாரதிப் பத்திரத்தில் புள்ளியும் விழாது, விசாவுக்கும் சம்பந்தமில்லை. கடைசியை நானாகச் சேர்க்கவில்லை. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் முதலில் கேட்பதே அதைத்தான்.

என் முகவரி அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது?

டீவிஎல்ஏ கொடுக்கிறது. ஒரு கார் இலக்கத்துக்கு 2.50 பவுண். வருடத்துக்கு ஒரு கோடிக்கு மேல் இப்படி விபரம் போகிறது. கம்பனி பீபீஏ அல்லது ஐபீசீ என்ற இரண்டு தொழில் சங்கங்களில் ஒன்றில் உறுப்பினராக இருந்தால்தான் கேட்கலாம். அதனால் கடிதம் வந்ததும் எந்தச் சங்கத்தின் சின்னம் இருக்கிறது என்று பாருங்கள். பிறகு மேன்முறையீட்டுக்கு அது தேவைப்படும்.

"குப்பையில் போடு, ஒன்றும் செய்ய மாட்டார்கள்" என்று மச்சான் சொல்கிறாரே?

மச்சான் 2011 இல் சொல்லியிருந்தால் பாதி சரி. அப்போது காரை ஓட்டியது யார் என்று கம்பனிக்குத் தெரியாது, ஓட்டியவரைத்தான் கேட்கலாம். கிளாம்பைத் தடைசெய்த அதே 2012 சட்டம், நாலாவது அட்டவணை என்ற ஒன்றையும் கூடவே கொண்டு வந்தது. இரும்பைப் பிடுங்கிய கையால் கம்பனிகளுக்குப் பேனையைக் கொடுத்தார்கள். சில நிபந்தனைகளை ஒழுங்காகப் பின்பற்றினால், ஓட்டியவர் யாரென்று தெரியாவிட்டாலும் கார் யார் பெயரில் பதிவோ அவரிடம் கேட்கலாம்.

மிச்சப் பாதியை 2015 நவம்பரில் உச்ச நீதிமன்றம் முடித்து வைத்தது. செம்ஸ்போர்ட் நகரத்தில் ஒரு கடைத்தொகுதி. இரண்டு மணி நேரம் இலவசம். பீவிஸ் என்பவர் 56 நிமிடம் கூடுதலாக நின்றார். பார்க்கிங் ஐ என்ற கம்பனி 85 பவுண் கேட்டது. இலவச இடத்தில் கம்பனிக்கு என்ன நட்டம், இது தண்டனைதானே என்பது அவருடைய வாதம். ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் ஒத்துக்கொள்ளவில்லை. எல்லோரும் நாள் முழுக்க நின்றால் கடைக்கு வருகிறவர்களுக்கு இடமிராது, அதைத் தடுக்கக் கம்பனிக்கு நியாயமான அக்கறை உண்டு, 85 பவுண் அளவுமீறியதல்ல, பெரிய பலகைகளும் தெளிவாக இருந்தன என்றார்கள்.

எனக்கு அந்தத் தீர்ப்பு முழுதாக ஏறவில்லை. ஆனால் அதுதான் சட்டம். அதற்குப் பிறகும் கடிதங்களைக் குப்பையில் போட்டு, கடைசியில் நீதிமன்றத் தீர்ப்பு விழுந்து, வீட்டுக்கடன் எடுக்கப் போன இடத்தில் சிக்கிய ஒருவரை எனக்குத் தெரியும்.

அதற்காகப் பயந்து அன்றிரவே 60 பவுணைக் கட்டிவிட்டு வருகிறவர்களோடும் எனக்குச் சண்டைதான். கிளாம்ப் காலத்தில் கொடுத்துவிட்டுத்தான் கதைக்கலாம். இப்போது கதைத்துவிட்டுக் கொடுக்கலாம். அந்த ஒரு வாய்ப்பையும் விடுவானேன்?

அன்று காரை ஓட்டியது நான் இல்லை. என்ன எழுத?

திகதிகளை எண்ணுங்கள். கமராவால் பிடித்தது, கண்ணாடியில் ரிக்கற் வைக்கவில்லை என்றால், கார் நின்ற நாளுக்கு அடுத்த நாளிலிருந்து 14 நாளுக்குள் கடிதம் உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். தபாலில் போட்ட இரண்டாவது வேலை நாளில் கிடைத்ததாகக் கொள்வார்கள். கண்ணாடியில் ரிக்கற் வைத்திருந்தால், 28 நாள் கழிந்து 56 நாளுக்குள் கடிதம் வர வேண்டும். பிந்தினால் அந்த அட்டவணையைக் காட்டி உங்களிடம் கேட்க முடியாது. அந்த நிலையில் "ஓட்டியவர்" என்றே எழுதுங்கள், "நான் விட்டேன்" என்று எழுதாதீர்கள். பொய் சொல்லச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடமை இல்லாததைச் சொல்லாமல் விடச் சொல்கிறேன்.

தனிச் சட்டவிதி உள்ள விமான நிலையக் காணி போன்றவற்றில் இந்த அட்டவணையே பொருந்தாது.

பத்து நிமிடச் சலுகை உண்டாமே?

உண்டு. அனுமதித்த நேரம் முடிந்தபின் குறைந்தது 10 நிமிடம். உள்ளே வந்ததும் பலகையை வாசித்து நிற்பதா போவதா என்று முடிவெடுக்கத் தருவது வேறு, அது பொதுவாக 5 நிமிடம். இரண்டையும் கூட்டி 15 நிமிடம் இலவசம் என்று கணக்குப் போடாதீர்கள். காரே விடக்கூடாது என்று எழுதிய இடத்தில் பத்து நிமிடக் கதை எடுபடாது. மெஷினில் காசு கட்ட 5 நிமிடத்துக்கு மேல் எடுத்ததற்காகவே பில் அனுப்பிய கதைகள் பத்திரிகைகளில் நாறிய பிறகு, கமரா வைத்த இடங்களில் வெளியேறுமுன் காசு கட்டியவரிடம் அதற்காகக் கேட்கக் கூடாது என்று 2025 பெப்ரவரியில் விதியைத் திருத்தினார்கள்.

மேன்முறையீட்டில் எது எடுபடும்?

"மன்னிக்கவும், தெரியாமல் நடந்துவிட்டது" எடுபடாது. உருக்கமான கடிதங்கள் எத்தனையோ எழுதிக் கொடுத்திருக்கிறேன், ஒன்றும் வெல்லவில்லை. வென்றவை எல்லாம் வறண்ட கடிதங்கள்.

ஒரு அக்காவின் கதை. காலை பத்து மணிக்கு மரக்கறி வாங்கக் கடைக்குப் போனார், அரை மணியில் வந்துவிட்டார். கறிவேப்பிலை மறந்துவிட்டதென்று பின்னேரம் மூன்று மணிக்குத் திரும்பப் போனார். கமரா காலையில் உள்ளே போனதையும் பின்னேரம் வெளியே வந்ததையும் பிடித்தது, நடுவில் வெளியே போய்த் திரும்பி வந்ததைத் தவறவிட்டது. ஐந்தரை மணி நேரம் நின்றதாகக் கடிதம். இடைப்பட்ட நேரத்தில் அவர் பிள்ளையை ஏற்றப் போன இடத்துக் கைப்பேசிப் படமும், இரண்டு கடைச் சிட்டையும் வைத்து எழுதினோம். ஒரு வாரத்தில் இரத்து. இந்தக் கமராக் கோளாறு அடிக்கடி நடப்பது. ஒரே நாளில் இரண்டு தரம் போனீர்களா என்று நான் எல்லோரிடமும் முதலே கேட்பேன்.

அடுத்தது இலக்கப் பிழை. மெஷினில் ஓ என்ற எழுத்துக்குப் பதில் பூச்சியம் அடித்தீர்கள், காசு கட்டியிருக்கிறீர்கள் என்றால் அதை இரத்துச் செய்ய வேண்டும் என்பது துறையின் சொந்த விதி. பெரிய பிழை என்றால் 20 பவுணுக்குக் குறைக்க வேண்டும். பிறகு பலகை. இரவில் போய், வெளிச்சமில்லாமல், காரின் ஆசனத்திலிருந்தே படம் எடுங்கள்.

இவற்றுக்கெல்லாம் முன் கடை முகாமையாளரிடம் சிட்டையோடு போங்கள். தரிப்பிடக் கம்பனியை அமர்த்தியது கடைதான், அது சொன்னால் பில் போய்விடும். வாடிக்கையாளர் என்ற சொல்லுக்கு இன்னும் கொஞ்சம் மரியாதை இருக்கிறது.

கம்பனிக்கு 28 நாளுக்குள் எழுதுங்கள். மறுத்தால், பீபீஏ உறுப்பினர் என்றால் பொப்லா என்ற மேன்முறையீட்டு அமைப்புக்குப் போக இன்னொரு 28 நாள். ஐபீசீ என்றால் அதற்கான அமைப்பு ஐஏஎஸ், இந்தியாவின் கலெக்டர் ஐஏஎஸ் அல்ல. இரண்டும் சாதாரண மேன்முறையீட்டுக்குக் காசு கேட்பதில்லை. பொப்லா முடிவு கம்பனியைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அங்கே தோற்றால் 60 பவுண் சலுகை திரும்பி வராது.

மாற்றுத்திறனாளிகளுக்கான நீல பட்ஜ் இருந்தால்?

கவுன்சில் தெருவில் செல்லும் சலுகை தனியார் காணியில் தானாகச் செல்லாது. ஆனால் சமத்துவச் சட்டம் 2010 இன் கீழ் கம்பனி நியாயமான மாற்றம் செய்ய வேண்டும். நடக்க நேரம் எடுத்தது என்றால் அந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்லி எழுதுங்கள்.

எங்கள் பிளாட் தரிப்பிடத்தில் நானே குடியிருக்கிறேன். எனக்கே பில்!

அனுமதிச் சீட்டு கண்ணாடியிலிருந்து விழுந்துவிட்டது, அப்படித்தானே? வீட்டுக் குத்தகைப் பத்திரத்தை எடுங்கள். தரிப்பிட உரிமை அதில் நிபந்தனையில்லாமல் எழுதியிருந்தால், பிறகு வந்த கம்பனி ஒரு பலகை நட்டு அதைப் பறிக்க முடியாது. 2016 இல் ஒக்ஸ்போர்ட் கவுண்டி நீதிமன்றத்தில், வாசலில் காரை நிறுத்தித் தளபாடம் இறக்கிய குடியிருப்பாளர் ஒருவர் வென்றார். சாமான் இறக்க நிற்பது தரிப்பதாகாது என்றும் நீதிபதி சொன்னார்.

கடன் அறவிடும் கம்பனி சிவப்பு எழுத்தில் எழுதுகிறது. வீட்டுக்கு வருவார்களா?

வர மாட்டார்கள். அவர்கள் பெய்லிப் அல்லர், கடிதம் எழுதுவது மட்டுமே வேலை. 100 பவுணோடு 70 பவுண் சேர்த்துக் கேட்பார்கள். அந்த எழுபதைச் சில நீதிபதிகள் தள்ளியிருக்கிறார்கள். இந்தக் கடிதங்களை ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.

விடக்கூடாதவை இரண்டு. ஒன்று, வழக்குக்கு முந்திய கடிதம். பதிலுக்கு 30 நாள். மற்றது, நீதிமன்றத்திலிருந்தே வரும் வழக்குப் படிவம். 14 நாளுக்குள் கிடைத்ததென்று பதில் போட்டால், எதிர்வாதம் எழுத மொத்தம் 28 நாள் கிடைக்கும். ஒன்றும் செய்யாவிட்டால் உங்களைக் கேளாமலே தீர்ப்பு விழும். நீதிமன்றக் கட்டணம், சட்டத்தரணிக் கட்டணம் சேர்ந்து தொகை 250 பவுணைத் தாண்டும். அதை ஒரு மாதத்துக்குள் கட்டினால் கடன் தீர்ப்புப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிடுவார்கள், இல்லாவிட்டால் 6 வருடம் கிடக்கும்.

வீடு மாறியவர்கள் கவனம். பலருக்குத் தீர்ப்பு விழுந்த கதையே தெரியாது. கடிதமெல்லாம் பழைய வீட்டுக்குப் போயிருக்கும். டீவிஎல்ஏயில் சாரதிப் பத்திரத்தின் முகவரியை மாற்றினால் போதாது, காரின் பதிவுப் புத்தகத்திலும் தனியாக மாற்ற வேண்டும்.

அரசாங்கம் ஒன்றும் செய்யாதா?

2019 இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. 2022 பெப்ரவரியில் அரசு நடத்தை விதிகளை வெளியிட்டது, பில் தொகையைக் குறைப்பதாக. கம்பனிகள் நீதிமன்றம் போயின. ஜூனில் அரசு விதிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டது. 2024 இல் இரண்டு தொழில் சங்கங்களும் சேர்ந்து தாங்களே தங்களுக்கு விதி எழுதி ஒக்டோபரில் தொடங்கின. பூனையே பாலுக்குக் காவல் விதி எழுதியது என்பேன், ஆனாலும் மேலே சொன்ன பத்து நிமிடமும் இருபது பவுணும் அந்தப் புத்தகத்தில்தான் இருக்கின்றன. பாவியுங்கள்.

என் வீட்டு முற்றத்தில் யாரோ காரை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நான் பூட்டலாமா?

கேட்பவர்களின் கோபம் புரிகிறது. கால்பந்தாட்ட மைதானத்துக்குப் பக்கத்தில் வீடு வாங்கினால் சனிக்கிழமை தோறும் இதுதான். ஆனால் 54 ஆம் பிரிவு கம்பனிக்கு மட்டுமல்ல, உங்களுக்கும்தான். கிளாம்ப் போடவோ இழுக்கவோ கூடாது. உங்கள் காரைக் குறுக்கே விட்டு, போகவிடக் கூடாதென்றே மறிப்பதும் ஆபத்து. பொலிஸ் பெரும்பாலும் அத்துமீறல், தனிப்பட்ட வழக்கு என்று ஒதுங்கும். கார் தெருவில் நின்று உங்கள் வாசல் சரிவை மறித்தால் கவுன்சில் ரிக்கற் எழுதலாம். முற்றத்துக்குள் வந்துவிட்டால் கவுன்சிலும் வராது. கைவிட்டுப்போன கார் என்று தெரிந்தால் மட்டும் கவுன்சிலுக்கு அறிவியுங்கள். மற்றபடி கண்ணாடியில் மரியாதையாக ஒரு தாள் வைப்பதுதான் மிஞ்சுகிறது.

வருமுன் தடுப்பதற்குத் தடையில்லை. எங்கள் தெருவில் ஒருவர் முற்றத்து வாசலில் மடக்கி நிமிர்த்தும் இரும்புக் கம்பம் ஒன்றை நட்டு, சாவி போட்டுப் பூட்டி வைத்தார். அதற்குப் பிறகு ஒரு அந்நியக் காரும் உள்ளே வரவில்லை. போன மாதம் கம்பத்தின் சாவியை வேலைத்தலத்தில் மறந்துவிட்டு வந்து, இரவு பத்து மணிக்கு என் வாசலில் மணி அடித்தார். "அண்ணை, இண்டைக்கு ஒரு நாளைக்கு உங்கட முத்தத்தில விடட்டோ?"